பாதி வழியில் நிற்கும் புரோட்டான்: ஹைட்ரஜன் பிணைப்பும் அமில-கார வேதியியலும்

பள்ளிப் பாடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு ஓர் அத்தியாயத்தில் வரும், அமிலமும் காரமும் வேறோர் அத்தியாயத்தில் வரும். நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏன் −60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று விளக்கியதோடு முதல் அத்தியாயம் முடிந்துவிடும். இரண்டாவது, பிஎச் கணக்கு, நடுநிலையாக்கல், தாங்கல் கரைசல் என்று தன் வழியே போகும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு கட்டங்கள் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அது புரிந்துவிட்டால், மனப்பாடம் செய்த பல எண்கள் காரணத்தோடு மனதில் நிற்கும்.

இரண்டிலும் பங்கெடுப்பவை மூன்றே அணுக்கள்: ஒரு ஹைட்ரஜன், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஓர் அணு, எதிர்ப்புறத்திலிருந்து அதை இழுக்கும் இன்னோர் அணு. ஹைட்ரஜன் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு எதிர்ப்புறம் ஈர்க்கப்பட்டால் அது ஹைட்ரஜன் பிணைப்பு. பழைய இடத்தை விட்டு எதிர்ப்புறமே போய்விட்டால் அது அமில-கார வினை.

அந்த மூன்று அணுக்கள்

நீர் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை அதிகம். ஹைட்ரஜனோடு பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மற்ற அணுக்களுக்கு இப்படி நேர்ந்தால் உள்கூட்டு எலக்ட்ரான்கள் கருவை மறைத்துக்கொண்டிருக்கும். ஹைட்ரஜனிடம் இருந்ததே ஓர் எலக்ட்ரான்தான். அதுவும் அப்பால் இழுக்கப்பட்டதால் அதன் கரு, அதாவது புரோட்டான், ஏறக்குறைய மறைப்பே இல்லாமல் வெளியே தெரிகிறது. அருகில் வரும் வேறொரு நீர் மூலக்கூறின் ஆக்சிஜனில் பிணைப்பில் ஈடுபடாத தனித்த எலக்ட்ரான் இணைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இந்த ஹைட்ரஜனை நோக்கித் திரும்புகிறது.

இந்த ஈர்ப்பு எவ்வளவு வலியது? பனிக்கட்டியில் ஒரு ஹைட்ரஜன் தன் சொந்த ஆக்சிஜனிடமிருந்து சுமார் 1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தொலைவிலும், அண்டை ஆக்சிஜனிடமிருந்து சுமார் 1.75 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலும் இருக்கிறது. பிணைப்பே இல்லாமல் ஒட்டி நிற்கும் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 2.6 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். ஆகவே இது வெறுமனே பக்கத்தில் நிற்பது அல்ல, நன்றாக உள்ளே நெருங்கி வந்த நிலை. ஆற்றலில் பார்த்தால், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் வேண்டும். நீரின் ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் அளவே போதும்.

இப்போது அமிலத்துக்கு வருவோம். 1923-இல் ப்ரான்ஸ்டட், லௌரி இருவரும் தனித்தனியாக ஒரே வரையறைக்கு வந்தார்கள்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். அதே ஆண்டில் லூயிஸ் எலக்ட்ரான் இணையின் பக்கத்திலிருந்து பார்த்து, இணையை அளிப்பது காரம், ஏற்பது அமிலம் என்றார்.

இந்த வரையறைகளை ஹைட்ரஜன் பிணைப்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் பக்கம் அதைக் கொடுக்கக்கூடிய பக்கம், எனவே அதுதான் அமிலம். தனித்த எலக்ட்ரான் இணையோடு காத்திருப்பது காரம். கொடுப்பவர் பாத்திரத்தை நீட்டிவிட்டார், வாங்குபவரும் கை வைத்துவிட்டார், ஆனால் கொடுத்தவரின் பிடி இன்னும் தளரவில்லை என்பது போன்ற ஒரு நிலை இது. பிடி தளர்ந்து பாத்திரம் கைமாறினால் இரு மூலக்கூறுகளும் அயனிகளாகிவிடும்.

அமில-காரக் கேள்வியில் பிறந்த கருத்து

ஹைட்ரஜன் பிணைப்பு என்றதும் கொதிநிலை நினைவுக்கு வருவது பாடநூல்களால் வந்த பழக்கம். வரலாற்றில் அந்தக் கருத்து தலைகாட்டிய இடங்களில் முக்கியமானது ஓர் அமில-காரப் புதிர்தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி இது.

டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு மிக வலிய காரம், நீரில் முழுவதும் அயனிகளாகப் பிரியும். அதில் ஒரு மெத்தில் தொகுதிக்குப் பதிலாக ஒரு ஹைட்ரஜனை வைத்தால் கிடைக்கும் டிரைமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடோ வலிமை குறைந்த காரம். ஒரே ஒரு ஹைட்ரஜன் இப்படிப்பட்ட வேறுபாட்டை எப்படி உண்டாக்குகிறது? 1912-இல் மூர், வின்மில் இருவரும் சொன்ன பதில்: நைட்ரஜனில் உள்ள அந்த ஹைட்ரஜன் ஹைட்ராக்சைடையும் பிடித்துக்கொள்கிறது, அதனால் ஹைட்ராக்சைடு தனியாகப் பிரிந்து போக முடியவில்லை. 1920-இல் லாட்டிமர், ரோடபுஷ் இருவரும் இந்த எண்ணத்தை விரிவாக்கி நீருக்கும் பொருத்திக் காட்டினார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அயனியாதல் என்ற சொல் இருக்கிறது.

இன்றைய மொழியில் இதையே நேராகச் சொல்லலாம். அமீனை, அதாவது அம்மோனியாவின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக மெத்தில் போன்ற தொகுதி அமைந்த சேர்மத்தை, நீரில் கரைத்தால் அதன் நைட்ரஜன் நீரின் ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மிகச் சிலவற்றில்தான் புரோட்டான் முழுவதும் நைட்ரஜனுக்குப் போய், ஹைட்ராக்சைடு வெளியேறுகிறது. வலிமை குறைந்த காரம் என்று நாம் பெயரிட்டிருப்பது ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றுவிடும் காரத்தைத்தான்.

வலிய அமிலமும் தனியாக நின்றால்

ஹைட்ரஜன் குளோரைடு வலிய அமிலம், அம்மோனியா காரம். இரண்டு வாயுக்களும் கலந்தால் அம்மோனியம் குளோரைடு வெண்புகையாக எழும் என்பது எல்லோரும் படித்த சோதனை. ஆகவே ஒரு மூலக்கூறு ஒரு மூலக்கூறைச் சந்தித்தவுடன் புரோட்டான் தாவிவிடும் என்றே நினைப்போம்.

அப்படி நடப்பதில்லை. வேறெதுவும் அருகில் இல்லாத நிலையில் ஒரே ஓர் அம்மோனியாவையும் ஒரே ஒரு ஹைட்ரஜன் குளோரைடையும் சேர்த்து, நுண்ணலை நிறமாலையால் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் குளோரினோடுதான் இருக்கிறது, நைட்ரஜன் அதை வெளியிலிருந்து ஈர்த்துக்கொண்டிருக்கிறது. வெறும் ஹைட்ரஜன் பிணைப்பு. ஹைட்ரஜன் குளோரைடும் நீரும் சேர்ந்தாலும் அதே நிலைதான்: ஒரே ஒரு நீர் மூலக்கூறால் அதை அயனியாக்க முடியாது. ஏறத்தாழ நான்கு நீர் மூலக்கூறுகள் கூடி நின்றால்தான் புரோட்டான் குளோரினை விட்டுக் கிளம்புகிறது என்று கணக்கீடுகளும் மிகக் குளிர்ந்த நிலையில் செய்த சோதனைகளும் காட்டுகின்றன.

காரணம் எளிது. புரோட்டான் கைமாறினால் நேர்மின் அயனி ஒன்றும் எதிர்மின் அயனி ஒன்றும் உருவாகும். அவற்றை உண்டாக்கிப் பிரித்து வைக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது சுற்றியுள்ள மூலக்கூறுகள் அந்த அயனிகளோடு போடும் புதிய ஹைட்ரஜன் பிணைப்புகள். குளோரைடைச் சுற்றி நீர் தன் ஹைட்ரஜன்களைத் திருப்பி நிற்கும். புரோட்டானை ஏற்ற நீர் மூலக்கூறான ஹைட்ரோனியத்தின் மூன்று ஹைட்ரஜன்களையும் மூன்று நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் பிடித்துக்கொள்ளும். ஆக, கைமாறுவதற்கு முந்தைய நிலை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதோடு, கைமாறிய பிறகு அந்த மாற்றத்தைத் தாங்கி நிறுத்துவதும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். நீரில் அமிலம் என்ற சொல்லுக்குப் பொருளே இந்தத் துணையால் வருகிறது.

நடுவிலே நிற்கும் புரோட்டான்

இரு முனைகளையும் பார்த்துவிட்டோம். நீரும் நீரும் சந்தித்தால் புரோட்டான் கொடுப்பவரிடமே இருக்கும். அம்மோனியம் குளோரைடு படிகத்தில் அது வாங்குபவரிடம் போய்விட்டது. சரி நடுவில் நிற்க வைக்க முடியுமா?

முடியும். ஹைட்ரஜன் ஃபுளோரைடோடு ஒரு ஃபுளோரைடு அயனி சேர்ந்தால் உருவாகும் பைஃபுளோரைடு அயனியில், இரண்டு ஃபுளோரின்களுக்கும் சரிநடுவில் ஹைட்ரஜன் நிற்கிறது. ஃபுளோரின்களுக்கு இடையேயான தொலைவு சுமார் 2.27 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. இதைப் பிரிக்க மோலுக்கு 150 கிலோஜூலுக்கு மேல் வேண்டும், அதாவது நீரின் ஹைட்ரஜன் பிணைப்பைப் போல ஏழெட்டு மடங்கு. இதில் எது அமிலம், எது காரம் என்ற கேள்விக்கே இடமில்லை. இரு பக்கமும் ஒரே அளவு இழுக்கின்றன.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி பிறக்கிறது. கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் புரோட்டானுக்காக ஏறக்குறைய ஒரே வலிமையில் போட்டியிட்டால் ஹைட்ரஜன் பிணைப்பு மிக வலுவாகவும் குறுகியதாகவும் இருக்கும். ஒரு பக்கம் மிக வலுத்தால் ஹைட்ரஜன் அந்தப் பக்கமே ஒதுங்கிவிடும், பிணைப்பும் தளரும்.

இந்த வலிமையை எண்ணால் சொல்ல பிகேஏ என்ற அளவு இருக்கிறது. எண் சிறியதானால் அமிலம் வலியது. ஓர் எண் இறங்கினால் வலிமை பத்து மடங்கு கூடும். மருந்துப் பொருள்களைப் படிகமாக்குவோர் இந்த எண்ணைத் தினமும் கையாள்கிறார்கள். கார மருந்தோடு ஓர் அமிலத்தைச் சேர்த்துப் படிகமாக்கும்போது, மருந்தின் இணை அமிலத்தின் (புரோட்டானை ஏற்ற மருந்தின்) பிகேஏ சேர்த்த அமிலத்தினுடையதைவிட 3-க்கு மேல் கூடுதலாக இருந்தால் புரோட்டான் கைமாறி உப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். வித்தியாசம் சுழியத்துக்குக் கீழே போனால் புரோட்டான் அசையாது. இரு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் இணைந்த கூட்டுப் படிகம் கிடைக்கும். இடைப்பட்ட பகுதியில் எது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். படிகத்தை எடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஒரே மூலக்கூறுக்குள் நடந்தால்

இதுவரை இரண்டு தனி மூலக்கூறுகளைப் பார்த்தோம். ஒரே மூலக்கூறுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பட்டால் அதன் அமில வலிமையே மாறிவிடும். பென்சோயிக் அமிலத்தின் பிகேஏ 4.2. அதன் வளையத்தில், அமிலத் தொகுதிக்கு நேரெதிர் மூலையில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை வைத்தால் 4.5 அளவுக்கு ஏறும். அமிலம் சற்று வலிமை இழக்கிறது. அதே ஹைட்ராக்சிலை அமிலத் தொகுதியின் பக்கத்திலேயே வைத்தால் சாலிசிலிக் அமிலம் கிடைக்கும். அதன் பிகேஏ 3.0! எதிர் மூலையில் வைத்ததைவிட முப்பது மடங்குக்கும் மேல் வலிய அமிலம்.

பக்கத்தில் இருந்ததால் வந்த மாற்றமா, அல்லது ஹைட்ரஜன் பிணைப்பால் வந்ததா? ஐயம் நியாயமானது. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே மெத்திலை வைத்துப் பார்த்தால் விடை தெரியும். அந்த மெத்தாக்சி அமிலத்தின் பிகேஏ 4.1. இடம் அதேதான், ஆக்சிஜனும் அதேதான், ஹைட்ரஜன் மட்டும் இல்லை, வலிமையும் போய்விட்டது. இரு பக்கத்திலும் ஹைட்ராக்சில் வைத்தாலோ பிகேஏ 1.3 அளவுக்கு இறங்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம், அமிலம் புரோட்டானை இழப்பதற்கு முன்னும் பின்னும் ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே. புரோட்டான் போன பிறகு அமிலத் தொகுதி எதிர்மின் சுமை பெறுகிறது, அதனால் மிக நல்ல காரமாகிறது. பக்கத்து ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனை அது முன்பைவிட இறுக்கமாக ஈர்க்கும். விளைபொருள் நிலைப்படுவதால் புரோட்டானை விடுவது எளிதாகிறது.

மெலியிக் அமிலமும் ஃபியூமரிக் அமிலமும் இதையே இன்னும் அழகாகக் காட்டும். இரண்டும் ஒரே அணுக்களால் ஆனவை. இரண்டிலும் இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் உண்டு. மெலியிக் அமிலத்தில் அவை இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஃபியூமரிக் அமிலத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில். மெலியிக் அமிலத்தின் முதல் புரோட்டானுக்கு பிகேஏ 1.9, இரண்டாவதற்கு 6.1. ஃபியூமரிக் அமிலத்துக்கு 3.0, 4.4.

அதாவது, மெலியிக் அமிலம் முதல் புரோட்டானை ஃபியூமரிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தாராளமாகக் கொடுக்கிறது. இரண்டாவதை ஐம்பது மடங்கு தயக்கத்தோடு கொடுக்கிறது. முதல் புரோட்டான் போனதும் எஞ்சியிருக்கும் அமிலத் தொகுதி, எதிர்மின் சுமை பெற்ற தன் அண்டைத் தொகுதிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கிறது. அதனால் முதல் படி எளிது. அப்படிக் கட்டுண்ட அந்த இரண்டாவது புரோட்டானை வெளியே எடுக்க வேண்டுமானால் பிணைப்பை முறிக்க வேண்டும், பிறகு பக்கம் பக்கமாக நிற்கப்போகும் இரண்டு எதிர்மின் சுமைகளின் விலக்கத்தையும் சமாளிக்க வேண்டும். அதனால் இரண்டாவது படி கடினம். பொட்டாசியம் ஹைட்ரஜன் மெலியேட் படிகத்தில் அந்த ஹைட்ரஜன் இரு ஆக்சிஜன்களுக்கும் நடுவிலேயே நிற்கிறது. நீர்க்கரைசலில் சுற்றியுள்ள நீரும் போட்டிக்கு வருவதால் அது அவ்வளவு சமமாக நிற்காது.

கார உலகிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. நாஃப்தலீனின் இரு வளையங்களிலும் அருகருகே நிற்கும் மூலைகளில் இரண்டு டைமெத்தில்அமினோ தொகுதிகளை வைத்த சேர்மத்துக்குப் புரோட்டான் பஞ்சு என்று பெயர். 1968-இல் அறிவிக்கப்பட்டது. வழக்கமான டைமெத்தில்அனிலினின் இணை அமிலத்தின் பிகேஏ 5.1 என்றால், இதற்கு 12.1. ஒரு கோடி மடங்கு வலிய காரம். இரண்டு நைட்ரஜன்களின் தனித்த எலக்ட்ரான் இணைகளும் நெருக்கத்தில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கின்றன. புரோட்டான் ஒன்று நடுவில் வந்தால் விலக்கம் தீர்கிறது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஹைட்ரஜன் பிணைப்பும் அமைகிறது.

கரைப்பான் மாறினால் அமிலமும் மாறும்

அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76 என்று மனப்பாடம் செய்கிறோம். அந்த எண் நீருக்கு மட்டுமே உரியது. டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் அது 12-ஐத் தாண்டிவிடுகிறது. அதே அமிலம், ஒரு கோடி மடங்குக்கும் மேல் வலிமை இழந்துவிட்டது. இந்தக் கரைப்பானிடம் ஹைட்ரஜன் பிணைப்பை வாங்கும் ஆக்சிஜன் இருக்கிறது, கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. நீரில் அசிட்டேட் அயனியைச் சுற்றி நின்று அதன் எதிர்மின் சுமையைத் தாங்கிய ஹைட்ரஜன் பிணைப்புகள் இங்கே கிடைப்பதில்லை.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க, ஹைட்ரஜன் பிணைப்பையே அதிகம் சார்ந்திராத ஓர் அயனியைப் பார்க்க வேண்டும். மாலனோநைட்ரைல் என்ற சேர்மம் கார்பனிலிருந்து புரோட்டானை இழக்கிறது. விளையும் எதிர்மின் சுமை பல அணுக்களில் பரவிக் கிடப்பதால் அதற்கு நீரின் தாங்கல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. நீரில் அதன் பிகேஏ 11.2, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 11.1. ஏறக்குறைய மாற்றமே இல்லை.

அமீன்களின் வரிசை மாணவர்களைக் காலங்காலமாகக் குழப்பும் இடம். மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளிக் கொடுக்கும், ஆகவே மெத்தில் கூடக் கூடக் காரவலிமை கூட வேண்டும். வாயு நிலையில் அப்படியே கூடுகிறது, டிரைமெத்தில்அமீன்தான் முதலிடம். நீரில் இணை அமிலங்களின் பிகேஏ: அம்மோனியா 9.25, மெத்தில்அமீன் 10.6, டைமெத்தில்அமீன் 10.7, டிரைமெத்தில்அமீன் 9.8. கடைசியில் வரிசை சறுக்குகிறது. புரோட்டான் ஏற்ற பிறகு அம்மோனியத்தில் நான்கு ஹைட்ரஜன்கள் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடக் காத்திருக்கும், டிரைமெத்தில் அம்மோனியத்தில் ஒன்றே ஒன்று. மெத்தில் கூடும்போது ஒரு பக்கம் எலக்ட்ரான் ஆதரவு கூடுகிறது, மறுபக்கம் நீரின் ஆதரவு குறைகிறது. இரண்டும் இழுத்துக்கொள்ளும் போட்டியில் நடுவில் உள்ள டைமெத்தில்அமீன் முந்திக்கொள்கிறது. காரவலிமை வரிசையை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் போட்டியைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும்.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற புதிர்

ஃபுளோரின்தான் எலக்ட்ரான் கவர்தன்மையில் முதலிடம். அப்படியிருக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பிகேஏ 3.2, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தினுடையதோ −6 அளவில். இவ்வளவு துருவத்தன்மை கொண்ட மூலக்கூறு ஏன் இப்படி வலிமையற்று இருக்கிறது?

முதற்காரணம் பிணைப்பு. ஹைட்ரஜன்–ஃபுளோரின் சகப்பிணைப்பை முறிக்க மோலுக்கு சுமார் 570 கிலோஜூல் வேண்டும், குளோரினோடு 431 போதும். இதோடு ஹைட்ரஜன் பிணைப்பும் சேர்ந்துகொள்கிறது: பிரியாத ஹைட்ரஜன் ஃபுளோரைடே நீரோடு வலுவாகக் கட்டுண்டிருப்பதால் அது பிரிந்து போகப் பெரிய அவசரம் இல்லை. பிரிந்த சிறிய ஃபுளோரைடு அயனி தன்னைச் சுற்றி நீரை இறுக்கமாக ஒழுங்குபடுத்துவதால், ஒழுங்கின்மை குறையும் விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவதுதான் வியப்பு. கரைசலைச் செறிவாக்கினால் இந்த அமிலம் வலிமை கூடுகிறது. பிரிந்த ஃபுளோரைடை மற்றொரு ஹைட்ரஜன் ஃபுளோரைடு மூலக்கூறு பிடித்துக்கொண்டு, மேலே பார்த்த பைஃபுளோரைடாக மாற்றிவிடுகிறது. விளைபொருள் ஒன்று நீக்கப்படுவதால் பிரிகை மேலும் நடக்கிறது. நீரே இல்லாத தூய ஹைட்ரஜன் ஃபுளோரைடு நீர்மமோ மிக வலிய அமில ஊடகம். நீர்த்த கரைசலில் அமிலத்தைப் பிடித்து வைத்த அதே ஹைட்ரஜன் பிணைப்புத் திறன், செறிந்த நிலையில் அதை விடுவிக்கிறது.

புரோட்டான் எப்படி ஓடுகிறது

தூய நீரில் 25 டிகிரியில் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் அயனிகளாகப் பிரிந்த நிலையில் இருக்கும். ஒரு குறிப்பிட்ட நீர் மூலக்கூறு தன் புரோட்டானை இழக்க சராசரியாகப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் ஹைட்ரஜன் பிணைப்புகளோ ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு காலத்துக்குள் முறிந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. கணக்கற்ற முறை நீட்டப்படும் புரோட்டான் மிக அரிதாகவே கைமாறுகிறது.

அப்படி ஒரு புரோட்டான் விடுபட்டுவிட்டால் அது நீரில் ஓடும் வேகம் வேறெந்த அயனிக்கும் இல்லை. மின்புலத்தில் சோடியம் அயனியைப் போல ஏழு மடங்கு வேகமாக நகர்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு நீந்திப் போவதால் அல்ல. ஹைட்ரோனியத்தின் ஒரு ஹைட்ரஜன், ஹைட்ரஜன் பிணைப்பின் வழியே அடுத்த நீருக்குத் தாவுகிறது. அந்த நீரின் வேறொரு ஹைட்ரஜன் அதற்கடுத்ததற்குத் தாவுகிறது. போய்ச் சேருவது நேர்மின் சுமை மட்டுமே, கிளம்பிய அதே புரோட்டான் அல்ல. இப்படி ஒரு சங்கிலித் தாவலை குரோட்டஸ் என்பவர் 1806-லேயே முன்வைத்தார், ஹைட்ரஜன் பிணைப்பு என்ற கருத்து பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பாக. ஒவ்வொரு தாவலின்போதும் புரோட்டான் கணநேரம் இரு நீர் மூலக்கூறுகளுக்கும் நடுவில் நிற்கிறது. பைஃபுளோரைடில் நிலையாகக் கண்ட காட்சி இங்கே நொடிப்பொழுதில் தோன்றி மறைகிறது.

எங்கே ஒப்புமை பொய்க்கும்

வலிய அமிலமாக இருந்தால் வலிய ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் என்று பொதுவிதியாக எழுதிவிடக் கூடாது. ஒரே குடும்பச் சேர்மங்களுக்குள் அது நன்றாகப் பொருந்தும்: பீனாலின் வளையத்தில் நைட்ரோ தொகுதி ஏற ஏற அமில வலிமையும் ஏறும், பிற மூலக்கூறுகளுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் திறனும் ஏறும். குடும்பம் மாறினால் விதி உடையும். தயோபீனாலின் பிகேஏ 6.6, பீனாலுக்கு 10. தயோபீனால்தான் வலிய அமிலம். ஆனால் கந்தகத்தில் உள்ள ஹைட்ரஜன் மோசமான ஹைட்ரஜன் பிணைப்பையே கொடுக்கும், பீனால் நல்லதைக் கொடுக்கும். வாங்கும் பக்கத்திலும் இப்படியே. பிரிடின் டைமெத்தில் சல்ஃபாக்சைடைவிட எத்தனையோ மடங்கு வலிய காரம். ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்பதில் டைமெத்தில் சல்ஃபாக்சைடுதான் முந்தி நிற்கிறது.

ஹைட்ரஜன் பிணைப்பு பெரும்பாலும் மின்சுமைகளின் ஈர்ப்பு. ஹைட்ரஜனில் எவ்வளவு நேர்மின் தன்மை, எதிரே எவ்வளவு எதிர்மின் தன்மை என்பதுதான் அங்கே பேசும். அமில வலிமையில் சகப்பிணைப்பு முழுவதும் முறிய வேண்டும், விளையும் அயனி நிலைக்க வேண்டும். கந்தகம்–ஹைட்ரஜன் பிணைப்பு மெலிந்தது, துருவத்தன்மை குறைந்தது. எளிதில் முறியும், ஆனால் முறிவதற்கு முன் யாரையும் வலுவாக ஈர்க்காது.

கைமாறாமலே செய்யும் வேலை

புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதியில், செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டேட் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. செரினின் ஹைட்ராக்சில் புரதத்தைத் தாக்க வேண்டும், அதற்குத் தன் புரோட்டானை விட வேண்டும். அதை ஹிஸ்டிடின் வாங்கிக்கொள்கிறது. ஹிஸ்டிடினின் மறுபக்க ஹைட்ரஜனை அஸ்பார்டேட் பிடித்திருக்கிறது.

புரோட்டான் ஹிஸ்டிடினைத் தாண்டி அஸ்பார்டேட் வரைக்கும் போகிறதா என்று வெகுகாலம் வாதிட்டார்கள். சாதாரண எக்ஸ்-கதிர் ஆய்வில் ஹைட்ரஜன் தெளிவாகத் தெரியாது, நியூட்ரான் கதிர்களுக்குத் தெரியும். 1981-இல் டிரிப்சினின் நியூட்ரான் ஆய்வு வெளிவந்தது: புரோட்டான் ஹிஸ்டிடினிடமே இருந்தது. அஸ்பார்டேட் அதை வாங்கவில்லை, ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிடித்திருப்பதால் மட்டும் என்ன பயன்? அஸ்பார்டேட்டை எடுத்துவிட்டு, வடிவில் கிட்டத்தட்ட ஒத்த அஸ்பரஜினை வைத்துப் பார்த்தார்கள். நடுநிலை பிஎச்-இல் நொதியின் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அஸ்பரஜின் தானே ஒரு ஹைட்ரஜனை ஹிஸ்டிடினுக்குக் கொடுக்கிறது. அதனால் ஹிஸ்டிடினின் தனித்த எலக்ட்ரான் இணை தவறான பக்கம் திரும்பிவிடுகிறது, செரினை நோக்கிய பக்கத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்கிறது. புரோட்டானை வாங்க வேண்டிய இடம் நிரம்பிவிட்டதால் ஹிஸ்டிடின் காரமாக வேலை செய்ய முடிவதில்லை.